புளியில் கரைந்த வாடை

உங்களில் யாருக்கெல்லாம் மூக்கு இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது? எனக்குப் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்தால் மாடியிலிருந்து மருமகள் ஓடிவந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவள் நான். காது போனால் சத்தமாகப் பேசுவார்கள், கண் போனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். மூக்கு போய்விட்டது என்றால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என்னோடு நின்று கண்ட நாற்றத்தையெல்லாம் முகர்ந்த நீங்களாவது சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கு போனபின் ஒன்று கவனித்தேன். புதிய வாடை எதுவும் ஏறுவதில்லை, பழையவை அப்படியே இருக்கின்றன. எங்கள் ஊர்க் களத்தில் காயும் வைக்கோல், பள்ளிக்கூடத்து ஸ்லேட்டு, அப்பாவின் வெற்றிலைப் பெட்டி. இவையெல்லாம் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கும். என் அத்தையின் வாடை மட்டும் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அப்போது நான் பூதப்பாண்டியில் நாலாம் வகுப்பு. எங்கள் பக்கம் இன்னும் மலையாள ராஜ்யத்தோடு சேர்ந்திருந்த காலம். ஒரு சார் தமிழில் திட்டுவார், இன்னொரு சார் மலையாளத்தில் திட்டுவார், பிரம்பு மட்டும் ஒன்றுதான். எங்கள் வீடு சைவம். எங்கள் தெரு முழுக்கச் சைவம். மீன்காரி 'சாளேய், சாளை' என்று கூவிக்கொண்டு பக்கத்துத் தெருவழியாகப் போவாள், எங்கள் தெருமுனை வந்ததும் சத்தத்தை நிறுத்திக்கொள்வாள். சுற்றுவட்டாரம் முழுக்க மீன் இல்லாமல் சோறு இறங்காதபோது எங்களுக்கு மீனைப் பற்றித் தெரிந்தது அது நாறும் என்பது மட்டுமே. ஏன் நாறும், எதைப் போட்டுக் கழுவினால் போகும் என்றெல்லாம் தெரியாது. அத்தை வரும்வரை தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. குழித்துறையில் ஒரு சைவ வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்குச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை. ஒரு கார்த்திகை மழையில் மாமா அவளை பஸ்ஸில் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார். தகரப்பெட்டி ஒன்று கூட வந்தது. நடக்கப் பழகியிருந்த அவர்கள் பையன் வரவில்லை.

"கால் கழுவிட்டு உள்ள வாங்கோ, சோறு ஆயாச்சு" என்றாள் அம்மா.

"இல்ல, கடை தொறந்து கெடக்கு" என்றார் மாமா. அப்பாவைப் பார்க்காமல், நடுவில் குடை பிடித்து நின்ற என் தலைக்குமேல் பார்த்துச் சொன்னார்: "அத்தான், ஒங்க தங்கச்சி மேல மீன் வாடை வருது. எங்கயோ களவாத் திங்கா. எங்கம்மை அவ கையால வெள்ளம் குடிச்சு மாசம் ஆச்சு. தைத் தேருக்கு அம்மை இங்க வருவா. வாடை போயிருந்தா கூட்டிட்டுப் போறோம். இல்லேன்னா நீங்களே வச்சுக்கிடுங்க. பிள்ளை எங்ககிட்ட நிக்கட்டு."

அடுத்த பஸ்ஸுக்கு அவர் போய்விட்டார். அத்தை அழவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பொய் சொல்லக்கூடாது, வாடை இருந்தது. எல்லா நாளும் ஒரேபோல் இல்லை. சில நாள் ஒன்றுமே இராது. வீட்டுக்கு விலக்காகும் நாட்களை ஒட்டி, பின்கட்டு அறைக்குள் நுழைந்தால் மீன் கழுவிய தண்ணீரை யாரோ அங்கே கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும். அதற்கு எங்கள் பக்கத்தில் உளும்பு வாடை என்று பேர். கொடுமை என்னவென்றால், அத்தைக்கு அது தெரியாது. தன் கையைத் தானே முகர்ந்து பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள். மற்றவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் அன்றைக்கு எப்படி என்று தெரிந்துகொள்வாள்.

"அத்தைக்குத் தனியாக் கெடக்கப் பயமா இருக்காம். நீ கூடவே இரு மக்கா" என்றார் அப்பா. அத்தைக்கு ஒரு பயமும் கிடையாது. பல்லியைக் கையால் பிடித்து வெளியே போடுகிறவள். தங்கைமேல் அப்பாவுக்கு எவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தினமும் சாயங்காலம் அப்பா என்னை மடியில் உட்காரவைத்துக் கேட்பார்: "அத்தை இன்னைக்கு எங்கெல்லாம் போனா? கொல்லப்பக்கம் யாரும் வந்தாளா? என்ன தின்னா?" தோசை, புளிக்கறி, உளுந்தங்களி என்று நான் ஒப்பிப்பேன். வேறொன்றும் இல்லையா என்று ஒரு தடவை பார்ப்பார், பிறகு இறக்கி விடுவார். நான் காவல் வேலை பார்த்தேன் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

அம்மா கெட்டவள் இல்லை. திரும்பிப்போக வேண்டிய பெண், இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று எங்கள் ஊர் வழக்கப்படி உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் ஊற்றி உருட்டி உருட்டிக் கொடுத்தாள். வாடைக்கு வைத்தியம் அப்பாவுடையது. முதலில் சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். வாடை கூடியது. அடுத்தது சாம்பல். அதிலும் கூடியது. கடைசியில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவைத் தலையோடு ஊற்றச் சொன்னார். அன்றைக்கு வாடை முன்வாசல்வரை வந்தது.

"கூடத்தானே செய்யுது" என்றாள் அம்மா.

"உள்ள கெடந்தது வெளிய வருது. எல்லாம் வந்து தீரட்டு" என்றார் அப்பா.

கூடக்கூட அவருக்குத் திருப்தி. சுண்ணாம்புத் தெளிவு தினப்படி ஆனது. அத்தையின் தோள் வறண்டு வெடித்தது. அவள் வாய் மட்டும் அடங்கவில்லை. "மைனி, செவுத்துக்கே வருசத்துக்கு ஒருக்காத்தான் வெள்ளையடிப்பாவ" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்துவிட்டு, அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தகரப்பெட்டிக்குள் பையனின் சட்டை ஒன்று இருந்தது. நீலக் கோடு போட்டது, கழுத்தில் பால் கறை. மத்தியானம் அடுக்களை ஒழிந்ததும் அத்தை அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். பையன் வாடை அதில் இருக்கிறதாம். ஒருநாள் அதை என்னிடம் நீட்டினாள்.

"ஏட்டி, மணந்து பாத்துச் சொல்லு. இதில இருக்கது அவனுக்க வாடையா, எனக்க வாடையா?"

முகர்ந்தேன். "உனக்கதுதான் அத்தே" என்றேன். அவள் சட்டையை மடித்து, பெட்டியின் அடியில், துணிகளுக்கெல்லாம் கீழே வைத்தாள். பிறகு அதை எடுக்கவே இல்லை.

தைத் தேர் நெருங்கியது. தேருக்கு முன்னால் எங்கள் ஊரில் மச்சுமேல் கிடக்கும் வெண்கலமும் பித்தளையும் எல்லாம் இறங்கிவிடும். உருளி, வார்ப்பு, நிலவிளக்கு, அப்பா வெற்றிலை துப்பும் கோளாம்பி, ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம் போன்ற ஒரு செம்பு அண்டா. அந்த அண்டா பிற்பாடு பாகப்பிரிவினையில் எங்கோ போனது, யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். பழம்புளியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து, அந்தக் கெட்டிப் புளியால் தேய்க்க வேண்டும். அத்தை காலையிலிருந்து மத்தியானம்வரை முழங்கைவரை புளியில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தேய்த்தால் உருளியில் நம் முகம் தெரியும்.

மத்தியானம் வழக்கம்போல அவள் கையைத் தலையணையாக வைத்துப் படுத்தேன். ஏதோ குறைந்தது. எழுந்து கையை முகர்ந்தேன். தோளை முகர்ந்தேன். மறுபடியும் கையை முகர்ந்தேன்.

"என்னட்டி நாய்க்குட்டி மாதிரி?"

"அத்தே, தோளுல வாடை இருக்கு. கையில இல்ல."

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு தோளில் புளித்தண்ணீர், மறு தோளில் சவுக்காரம். "இது? ... அது?" நான் மாறிமாறி முகர்ந்தேன். புளி பட்ட தோளில் புளி மணம்தான் இருந்தது. சவுக்காரத் தோளில் பக்கத்தில் போக முடியவில்லை. அத்தோடு விட்டாளா? புளி போட்ட தோளிலேயே ஒரு விரல் சுண்ணாம்புத் தெளிவைத் தடவி நீட்டினாள். உளும்பு குப்பென்று எழுந்தது. திரும்பப் புளியைத் தேய்த்தாள், அடங்கியது.

"சுண்ணாம்பு தொறக்குது, புளி பூட்டுது" என்றாள் அத்தை. "யாருட்டயும் மூச்சு விடாத மக்கா."

மூன்றாம் வகுப்புகூட முடிக்காதவள் ஒரு சோதனையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு வேடிக்கையாக மட்டும் இருந்தது. அன்றிலிருந்து அப்பா தெளியவைத்த சுண்ணாம்பெல்லாம் கொல்லையில் வாழை மரத்தடிக்குப் போனது. பாத்திரம் தேய்க்கிறேன் என்று சொல்லி அத்தை தினமும் புளியில் குளித்தாள். வாடை போய்விட்டது. சுண்ணாம்பு ஜெயித்தது என்று அப்பா தெருவில் ரெண்டு பேரிடம் சொல்லாததுதான் பாக்கி.

தேருக்கு மாமாவும் அவர் அம்மையும் வந்தார்கள். அந்த அம்மையின் இடுப்பில் பையன் இருந்தான். அத்தையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பாட்டியின் தோளில் புதைத்துக்கொண்டான். அத்தை கையை நீட்டவில்லை, அவள் புத்திசாலி. பரீட்சை முடியட்டும் என்று நின்றாள்.

"சங்கிலி இழை விட்டிருக்கா, பாக்கட்டு" என்று சாக்குச் சொல்லி மாமியார் அவளைப் பக்கத்தில் இழுத்து, கழுத்தோரம் குனிந்து முகர்ந்தாள். தோள், தலைமுடி, உள்ளங்கை. வீட்டில் யாரும் அசையவில்லை.

"வாடை இல்ல" என்றாள் மாமியார்.

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"அப்பம்னா அங்க வச்சு மீனு தின்னிருக்கா" என்றாள் அவள், அதே குரலில். "இங்க கெடைக்கல்ல, வாடையும் போச்சு. செரிதானே தம்பி?"

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. அவருடைய வைத்தியத்தின் நியாயமும் அதுதானே.

அந்த அம்மை கொடுமைக்காரி இல்லை. பையனை இறக்கி விட்டுவிட்டு நிதானமாகத்தான் சொன்னாள்: "மனுசப் பிறவி தப்பு செய்யாம இருக்குமா? தின்னேன்னு வாயத் தொறந்து சொல்லட்டு. இனித் திங்கமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணட்டு. நாளைக்கே நானே கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

நான் முன்னால் வந்தேன். "அத்தை தின்னவே இல்ல, புளி..." என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து அத்தை என் சடையைச் சுண்டி இழுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தின்னேன்" என்றாள் அத்தை.

"எங்க வச்சு?"

"கடைக்குச் சோறு கொண்டுபோற வழியில. ஒரு வீட்டுல."

"என்ன மீனு?"

அத்தைக்கு மீன் பேர் தெரியாது. கொஞ்சம் யோசித்தாள். பக்கத்துத் தெருவில் காலம்பூரா கேட்ட கூவல் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சாளை" என்றாள்.

அப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். கால் கழுவும் சத்தம் கேட்டது. ரொம்பநேரம் கழுவினார்.

கோயிலுக்குப் புறப்படுமுன் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். எனக்குக் கோபம். "ஏன் அத்தே பொய் சொன்ன? புளிய சொல்லியிருக்கலாம்லா?"

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே சொன்னாள்: "தின்னது குத்தம்னா அவ பொறுத்துக்கிடுவா. தின்னாமலே நாறுதுன்னா அது ஒடம்புக்க நோவு, தீனம். தீனக்காரிய ஆரு மக்கா வச்சுக்கிடுவா? வேற ஒருத்தியக் கெட்டுவாவ. பிள்ளை அங்கல்லா இருக்கு."

அன்று சன்னிதியில் கற்பூரத்தின்மேல் கைவைத்து, தின்னாத மீனை இனித் தின்னமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். வெளியே தேர் வடம் பிடிக்கிற சத்தம். மறுநாள் காலை பையன் அவள் இடுப்பில் இருந்தான், அவள் சடையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு. புறப்படும்போது அத்தை அப்பா காலைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா அவள் கையால் தண்ணீர் குடிக்கவில்லை. போக்குவரத்தை நிறுத்தவில்லை, பொங்கலுக்குச் சீராகப் பொங்கப்படி கொண்டுபோவார், கல்யாணம் காட்சிக்குப் போவார். சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்பார். தாகத்துக்கு? "இளநி போதும்" என்பார். அத்தை வீட்டில் அவருக்காகக் குலை இறக்கிப் போட்டிருப்பார்கள். என் அப்பாவுக்கு இளநீர் என்றால் உயிர் என்று குழித்துறையில் எல்லாரும் நினைத்தார்கள். எங்கள் வீட்டில் அவர் இளநீரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அத்தை வீட்டு வெண்கலம் அந்தத் தெருவில் பேர்போனது. விசேஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒரு பாத்திரம் தேய்ப்பாள். புளி ஏன் இவ்வளவு செலவாகிறது என்று கேட்க ஆளில்லை, கண்முன்னால் உருளி மின்னிக்கொண்டிருக்கிறதே. வாயிலும் ஒரு துண்டு புளி அடக்கிக்கொள்வாள். மாமியார் அதைப் பார்த்து, மசக்கை என்று இரண்டு தடவை வீணாகச் சந்தோஷப்பட்டதாக அத்தை சொல்லிச் சிரித்தாள்.

பிறகு நாம் கல்லூரிக்கு வந்தோம். நினைவிருக்கிறதா, சார் ஒரு குடுவையைத் திறந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினீர்கள்? ட்ரைமெத்திலமீன். நான் மட்டும் நின்ற இடத்தில் நின்றேன். அது என் அத்தை. சார் அமிலம் விட்டார், வாடை நின்றது. காஸ்டிக் சோடா விட்டார், திரும்ப வந்தது. என் கண் கலங்கியதைப் பார்த்து, ஆவி பட்டுவிட்டது, முகம் கழுவு என்று உங்களில் ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள்.

உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் பாதிப்பேர் மறந்திருப்பீர்கள். அமீனில் உள்ள நைட்ரஜனிடம் யாரோடும் பங்கிடாத ஒரு ஜோடி எலக்ட்ரான் இருக்கிறது. தண்ணீரின் ஹைட்ரஜன் அதன்மேல் சாய்ந்துகொள்ளும், அதனால் சின்ன அமீன்கள் தண்ணீரில் கரையும். கரிப்பகுதி பெரிதாகிவிட்டால் தண்ணீரால் இழுத்துக்கொள்ள முடியாது. நாம் அடுத்த மேசையில் செய்த அனிலின் அப்படித்தான் எண்ணெயாகத் தனியே நின்றது. அமிலம் சாய்வதோடு நிற்காது, ஹைட்ரஜன் அயனியை அந்த ஜோடியிடம் கொடுத்தே விடும். வாங்கிய அமீன் உப்பாகிவிடும். உப்பு தண்ணீரில் சுகமாகக் கரையும், காற்றில் எழும்பாது. எழும்பாதது மூக்குக்கு எட்டாது. மேலே தண்ணீர் ஊற்றினால் அதோடு போய்விடும். காரம் வந்து அந்த ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டால் பழைய அமீன் பழையபடி கிளம்பும். சவுக்காரமும் சாம்பலும் சுண்ணாம்பும் காரம். அப்பா மாதக்கணக்கில் பூட்டைத் திறந்துகொண்டே இருந்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் மீன்சட்டி கழுவுகிற எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் புளி என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே வாசலுக்கு வெளியே யாரும் எடுக்கமாட்டார்கள், பிறகு யாரைப் போய்க் கேட்பது?

அன்றைக்குப் புரிந்தது பாதிதான். அந்த அமீன் அவள் உடம்பில் எப்படி வந்தது என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் படித்துத்தான் தெரிந்தது. பயறு, பருப்பு, எது தின்றாலும் குடலில் அது கொஞ்சம் உண்டாகும். எல்லாருக்கும் கல்லீரல் அதை வாடையில்லாததாக மாற்றிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வேலை நடப்பதில்லை, அது வியர்வையிலும் மூச்சிலும் வந்துவிடும். மீன் தின்ன வேண்டியதே இல்லை. அம்மா உருட்டிக் கொடுத்த களிகூடக் காரணமாக இருந்திருக்கலாம்.

படித்த வாரமே குழித்துறைக்குப் போனேன். மாமா இல்லை, மாமியார் இல்லை, அம்மாவும் அப்பாவும் இல்லை. அத்தை பின்வாசலில் ஒரு நிலவிளக்கைக் கால்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"இது புஸ்தகத்தில போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அத்தே."

"தின்னாமலே வரும்னு?"

"தின்னாமலே வரும்னுதான்."

விளக்கைக் கீழே வைத்தாள். கையில் புளிக்கோது ஒட்டியிருந்தது.

"அண்ணனுக்கு இளநி வெட்டிக் குடுத்தே எனக்க ஆயுசு போச்சு" என்றாள். பிறகு, "இதக் கேட்டிருந்தா அண்ணன் எனக்க கையால ஒரு வாய் வெள்ளம் குடிச்சிருப்பாராட்டி?"

குடித்திருப்பார் என்றேன். அப்பாவை எனக்குத் தெரியும், பெண்பிள்ளை படித்துச் சொன்னாள் என்பதற்காக எதையும் மாற்றிக்கொள்கிறவர் இல்லை. இருந்தாலும் அப்படித்தான் சொன்னேன்.

அத்தை கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, நான் முழுவதையும் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.